பத்து வருட இடைவெளிக்குப் பிறகு சைக்கிள் ரேஸ்: எதை முதலில் சரிபார்ப்பது?

பழைய_செயின் கேட்டது:

வணக்கம் நண்பர்களே. முன்பு அமெச்சூர் ரோடு ரேஸ் ஓட்டியவன், பத்து வருடமாகச் சுத்தமாக விட்டாச்சு. இப்போது வயது 42, எடை 78 கிலோ (அப்போது 70). நடைப்பயிற்சி உண்டு, மற்றபடி ஒன்றும் இல்லை. 16 வாரம் கழித்து ஒரே வார இறுதியில் இரண்டு போட்டிகள்: 40 நிமிட கிரிடீரியம் (சின்னச் சுற்றுப் பாதையில் பல லேப் ஓட்டும் போட்டி) ஒன்று, 80 கி.மீ. ரோடு ரேஸ் ஒன்று. ஏதாவது ஒன்றுக்குப் பெயர் கொடுக்க எண்ணம்.

வண்டி அதே பழையதுதான். அலுமினிய ஃபிரேம், கார்பன் ஃபோர்க், ஷிமானோ 10 ஸ்பீடு, ரிம் பிரேக், 23 மி.மீ. கிளின்ச்சர் டயர். உறை போட்டுச் சுவரில் தொங்கவிட்டிருந்தேன். பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

மூன்று கேள்வி. வண்டியில் எதை மாற்றியே ஆக வேண்டும்? 16 வாரத்தை எப்படிப் பிரிப்பது? கூட்டத்துக்குள் ஓட்டும் பழக்கத்தை எப்படித் திரும்பக் கொண்டுவருவது? "ஜாலியா ஓட்டுங்க" வகை பதில் வேண்டாம், அளவோடு சொன்னால் புண்ணியமாகப் போகும்.

*

ஸ்போக்_சாவி:

வண்டியை மட்டும் நான் சொல்றேன். தொங்கவிட்ட வண்டி பார்க்க நல்லாத்தான் இருக்கும். ரப்பர், கிரீஸ், வியர்வை பட்ட அலுமினியம், இந்த மூணும்தான் ஓட்டாமலேயே கெட்டுப்போற சமாச்சாரம். அதனால இந்த மூணையும் முதல்ல பாருங்க.

டயர், ட்யூப், ரிம் டேப் மூணையும் யோசிக்காம மாத்துங்க. டயரைக் கையில மடக்கினா ஓரத்துல மெல்லிய வெடிப்பு தெரியும். அது தெரியலைன்னாலும் நம்ப வேண்டாம், ரப்பர் இறுகிட்டா ஈர ரோட்டு வளைவுல பிடிக்காது. ரிம் டேப்பை நிறைய பேர் மறந்துடுவாங்க. பழைய பிளாஸ்டிக் டேப் கட்டியாகி ஒரு பக்கமா நகர்ந்திருக்கும், ஸ்போக் ஓட்டையோட விளிம்பு புது ட்யூபை உள்பக்கமா அறுத்துடும். பஞ்சர் ட்யூபோட உள்வட்டத்துல, அதாவது ரிம் பக்கம் இருந்தா காரணம் இதுதான்.

23க்குப் பதிலா 25 போடுங்க. 10 ஸ்பீடு காலத்து ரிம் பிரேக் வண்டிகள் பலதுல 25 தாராளமா உள்ளே போகும், 28 பிரேக் காலிப்பர்ல உரசும். காற்று அடிச்ச பிறகு டயருக்கும் ஃபிரேமுக்கும் காலிப்பருக்கும் நடுவே சுத்தி 4 மி.மீ. இடைவெளி வேணும். அகலமான ரிம்ல டயர் சொன்ன அளவை விட 1, 2 மி.மீ. பெருசாவே உட்காரும், அதனால அளந்து பாருங்க. காற்று விஷயத்துலயும் அந்தக் கால 8 பார் (காற்றழுத்த அளவு) கதை போயாச்சு. உங்க எடைக்கு 25 மி.மீ. டயர்னா முன்னால 5.6, பின்னால 6 பார்ல ஆரம்பிங்க. மழைன்னா அரை பார் குறைங்க.

ரிம்மோட பிரேக் படற பக்கத்தைப் பாருங்க. தேய்மானக் குறியா ஒரு சின்னக் குழி இல்லைன்னா கோடு இருக்கும், அது மறைஞ்சு போயிருந்தா ரிம் முடிஞ்சது. குறி இல்லாத ரிம்மா இருந்தா ஒரு ஸ்கேலை நிமிர்த்தி வைங்க, நடுவுல குழிவா வெளிச்சம் தெரிஞ்சா அதுவும் முடிஞ்சது. பிரேக் பேட் புதுசா போடுங்க. பழசு கல்லு மாதிரி ஆகியிருக்கும், உள்ளே அலுமினியத் துகள் குத்தியிருக்கும், பிடிக்கும்போது கரகரன்னு சத்தம் வரும், ரிம்மையும் தின்னும். கேபிள், அவுட்டர் ரெண்டும் மாத்துங்க. முக்கியமா கியர் மாத்தற ஷிஃப்டர் உள்ளே போற கேபிள் தலைப்பக்கம் இழை இழையா பிரிஞ்சிருக்கும். அங்கேயே அறுந்து துண்டு ஷிஃப்டருக்குள்ள மாட்டிக்கிட்டா எடுக்கறது பெரும் பாடு.

இப்போ ஹாண்டில் பார். இதுக்குத் தனியா ஒரு மாலை ஒதுக்குங்க. டேப்பை முழுசா உரிங்க. ஷிஃப்டர் கிளாம்ப் உட்கார்ந்த இடம், ஸ்டெம் (பாரை ஃபோர்க்கோட சேர்க்கிற துண்டு) பிடிக்கிற இடம், கேபிளை ஒட்டி டேப் சுத்தின அடிப்பக்கம், இந்த மூணு இடத்துல வியர்வை உப்பு தங்கும். வெள்ளை மாவு மாதிரி படிஞ்சிருந்தா ஈரத் துணியால துடைச்சிட்டு நகத்தை மெதுவா ஓட்டுங்க. வழவழன்னு போனா சரி. நகம் சின்னச் சின்னக் குழியில மாட்டினா அந்த பாரைத் தூக்கிப் போடுங்க. ஸ்பிரின்ட்ல பாரை இழுக்கும்போது இந்தக் குழியில இருந்துதான் வெடிப்பு ஆரம்பிக்கும், முன்கூட்டி எந்த அறிகுறியும் காட்டாது. அந்த பாரோட எப்பவாவது பலமா விழுந்திருந்தா குழி இல்லைன்னாலும் மாத்துங்க.

ஃபோர்க்கைக் கழட்டி ஸ்டியரரையும் (ஃபோர்க்கோட மேல் குழாய்) பாருங்க. ஸ்டெம் கிளாம்ப் இருந்த இடத்துலயும் கீழ் பேரிங் உட்கார்ற இடத்துலயும் குறுக்கே கோடு தெரிஞ்சா ஃபோர்க் வேண்டாம். நெட்டுக்குத்தா தெரியற லேசான சிராய்ப்பு பரவாயில்லை. திருப்பி மாட்டும்போது டார்க் ரெஞ்ச் இல்லாம கை வைக்காதீங்க. ஸ்டெம் போல்ட் பெரும்பாலும் 5 நியூட்டன் மீட்டர், அந்த ஸ்டெம்லயே அச்சடிச்ச எண் எதுவோ அதுதான் சட்டம். முன் தகட்டுல நாலு போல்ட்டையும் குறுக்குக் குறுக்கா, கொஞ்சம் கொஞ்சமா இறுக்கி மேலயும் கீழயும் இடைவெளி ஒரே அளவா வரணும். இடது கிராங்கோட ரெண்டு போல்ட் 12 முதல் 14. காசெட் (பின் சக்கரப் பல்சக்கர அடுக்கு) லாக்ரிங் 40.

செயின் தேய்மானத்துக்கு ஸ்டீல் ஸ்கேல் போதும். ஒரு பின்னோட நடுவுல இருந்து 24 பின் தள்ளி அளந்தா புது செயின்ல 304.8 மி.மீ. வரும். 10 ஸ்பீடுல 307 தொட்டா மாத்தணும், 11க்கு மேலன்னா 306.3லயே மாத்திடணும். பழைய செயின் அந்த அளவைத் தாண்டி ஓடியிருந்தா காசெட்டும் சேர்த்து மாத்துங்க. தேய்ஞ்ச பல்லுல புது செயின் போட்டா எழுந்து மிதிக்கும்போது சறுக்கும், நீங்க நேரா டாப் ட்யூப் மேல.

அதை விட மோசமா சறுக்கற இடம் ஃப்ரீஹப், அதாவது காசெட் உட்கார்ற உருளை. உள்ளே கிரீஸ் கோந்து மாதிரி ஆகிட்டா பல்லைப் பிடிக்கிற சின்ன நகங்கள் (pawl) முழுசா எழும்பாது, பாதிப் பிடியில நிக்கும். வீட்டு வாசல்ல சுத்திப் பார்த்தா ஒழுங்காத்தான் தெரியும், ஸ்பிரின்ட்ல விட்டுடும். காசெட்டைப் பின்னால சுத்தினா வரும் 'கிர்ர்' சத்தம் மங்கலா, விட்டு விட்டு வந்தா சந்தேகப்படுங்க. கழட்டி, கழுவி, ஃப்ரீஹப்புக்குன்னு வர்ற லேசான கிரீஸோ எண்ணெயோ மட்டும் போடுங்க. பேரிங் கிரீஸ் வேண்டாம், பழையபடி ஒட்டிக்கும்.

ஷூ சோல் விரல் வைச்சு மடக்கினா பிரியுதா பாருங்க, பழைய பசை விட்டுடும். கிளீட் (ஷூவைப் பெடல்ல மாட்டற அடித்துண்டு) புதுசு போடுங்க, கழட்டறதுக்கு முன்னால சோல்ல அதைச் சுத்தி மார்க்கர்ல கோடு போட்டுக்கோங்க. ஹெல்மெட் புதுசு. 5 முதல் 10 வருஷத்துல மாத்தணும்கிறது பொதுக் கணக்கு, உங்களுது அதைத் தாண்டியாச்சு.

*

லாக்டேட்:

பயிற்சிப் பகுதிக்கு என் பதில்.

திரும்பி வருபவர்கள் மாட்டிக்கொள்ளும் பொறி எப்போதும் ஒன்றுதான். மூச்சு சீக்கிரம் திரும்பிவிடும். முதல் இரண்டு வாரத்திலேயே ரத்தத்தின் பிளாஸ்மா அளவு கூடுகிறது, அதே வேகத்துக்கு இதயத் துடிப்பு இறங்குகிறது. பழைய தசை வலிமையும் புதிதாகத் தொடங்குபவரை விட வேகமாக ஏறும். தசைநாண்கள் மட்டும் மாதக்கணக்கில்தான் இறுகும். ஆறாவது வாரம் "பழையபடி ஆயிட்டேன்" என்று தோன்றும், பெரிய கியரை மிதிப்பார்கள், எட்டாவது வாரம் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். இந்தத் திட்டமே அந்த இடைவெளியை மனதில் வைத்துப் போட்டது.

முதலில் மருத்துவர். 42 வயதில், பத்து வருட இடைவெளிக்குப் பிறகு, உச்ச வேகப் பயிற்சிக்குள் போகும் முன் ரத்த அழுத்தம், ஈசிஜி, குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்ததா என்ற கேள்வி, இந்த மூன்றும் முடிந்திருக்க வேண்டும். மிதிக்கும்போது நெஞ்சில் இறுக்கம், படபடப்பு, கண் இருட்டுவது என்று எது வந்தாலும் அன்றைக்கே நிறுத்துங்கள்.

பழைய எஃப்டிபி எண்ணை (சுமார் ஒரு மணி நேரம் தாங்கும் அதிகபட்ச பவர்) மறந்துவிடுங்கள். முதல் நாளே சோதனையும் வேண்டாம், கால் பழகாதபோது வரும் எண் எதற்கும் உதவாது.

1 முதல் 4 வாரம்: வாரத்துக்கு நான்கு நாள், தலா 60 முதல் 90 நிமிடம். முழு வாக்கியமாகப் பேச முடிகிற வேகம், அதற்கு மேல் போகாதீர்கள். மிதி நிமிடத்துக்கு 85 முதல் 95 சுற்று, மேட்டில் கூட 70க்குக் கீழே விழக் கூடாது. பழைய வண்டியில் பின்னால் 25 பல் காசெட் இருந்தால் 28 பல் போடுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை. இதோடு வாரம் இரண்டு நாள் எடைப் பயிற்சி: ஸ்குவாட், டெட்லிஃப்ட், ஒற்றைக் கால் ஸ்டெப் அப், தலா 3 செட். இன்னும் இரண்டு மூன்று முறை தூக்க முடியும் என்கிற நிலையிலேயே செட்டை நிறுத்துங்கள். நாற்பதைத் தாண்டியவருக்கு இது கூடுதல் அலங்காரம் கிடையாது. தசை கரைவதைத் தடுக்கிறது, சைக்கிள் மட்டுமே ஓட்டுபவர்களின் எலும்பு அடர்த்தி குறையும் பிரச்சினைக்கும் மருந்து.

5வது வாரத் தொடக்கத்தில் சோதனை. பவர் மீட்டர் இருந்தால் 20 நிமிட சராசரியை 0.95ஆல் பெருக்குங்கள். ஆனால் அந்த 20 நிமிடத்துக்கு முன் 5 நிமிடம் முழு வேகம், பிறகு 10 நிமிடம் இலகுவாக என்பது அந்தச் சோதனையின் ஒரு பகுதி. அதை விட்டுவிட்டு எடுத்தால் எண் பெரிதாக வரும், பிறகு எந்தப் பயிற்சியையும் முடிக்க முடியாது. பவர் மீட்டர் இல்லையென்றால் 30 நிமிடம் தனியாக, ஒரே சீராக, முடிந்த வேகத்தில் ஓட்டி, கடைசி 20 நிமிட சராசரித் துடிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். அதுதான் உங்கள் த்ரெஷோல்டு (நீண்ட நேரம் தாங்கும் எல்லை) துடிப்பு. 220இலிருந்து வயதைக் கழிக்கும் கணக்கை நம்ப வேண்டாம், ஆளுக்கு ஆள் 10 துடிப்புக்கு மேல் கூடக் குறையப் பிசகும்.

5 முதல் 9: வாரத்தில் கடினமான நாள் இரண்டே இரண்டு. ஒன்றில் 3 முறை 8 நிமிடம் எஃப்டிபியில் 95 சதவீதம், நடுவே 4 நிமிட ஓய்வு. வாரம் வாரம் நீட்டி 3 முறை 12க்குக் கொண்டுபோங்கள், முடிந்தால் 2 முறை 20. இன்னொரு கடின நாள் குழுவோடு ஓட்டுவது. கூடவே இரண்டரை முதல் மூன்று மணி நேர நீண்ட ஓட்டம் ஒன்று.

10 முதல் 14: அந்த 95 சதவீத த்ரெஷோல்டு நாளின் இடத்தில் 5 முறை 3 நிமிடம், 110 முதல் 115 சதவீதத்தில். அடுத்த வாரம் அதே நாளில் 30 வினாடி கடினம், 15 வினாடி இலகு என 13 முறை, அப்படி மூன்று செட், செட்டுக்கு நடுவே 3 நிமிடம். முதல் தடவை இரண்டு செட்டோடு நிறுத்தினாலும் தப்பில்லை.

15, 16: ஓட்டும் நேரத்தைப் பாதியாக்குங்கள், தீவிரத்தைக் குறைக்க வேண்டாம். 5 முறை 3 நிமிடம் என்பதை 3 முறை 2 நிமிடம் ஆக்கினால் போதும்.

இதற்கிடையே மூன்று வாரத்துக்கு ஒரு வாரம் 40 சதவீதம் குறையுங்கள். இருபது வயதில் நான்காவது வாரம் ஓய்வு சரியாக இருந்திருக்கும், இப்போது ஒரு வாரம் முன்னதாகவே வேண்டும். எட்டு கிலோவைக் குறைக்க இதே காலத்தில் பட்டினி கிடக்காதீர்கள். தூக்கம் கெடும், காலையில் படுத்திருக்கும்போதே துடிப்பு ஏழெட்டு கூடும், பயிற்சி உடம்பில் ஒட்டாது. எடை குறைப்பதென்றால் முதல் ஒன்பது வாரத்தில், வாரம் அரைக் கிலோவுக்கு மேல் போகாமல்.

முழங்காலின் முன்பக்கம் வலித்தால் சீட் தாழ்வு அல்லது கியர் பெரிது. பின்பக்கம் வலித்தால் சீட் உயரம். வெளிப்பக்கம் வலித்தால் கிளீட் கோணம், அல்லது சீட் உயரம். பெரும்பாலும் இந்த மூன்றில் அடங்கிவிடும்.

*

ஆறாம்_கியர்:

லாக்டேட் சொன்னதோடு ஒத்துப்போகிறேன், போட்டித் தேர்வில் மட்டும் ஒரு வார்த்தை. இரண்டுமே முதல் போட்டிக்கு ஏற்றதில்லை. 10, 12வது வாரத்தில் தனி டைம் ட்ரையல் (ஒவ்வொருவராகக் கிளம்பி நேரத்தோடு ஓட்டும் போட்டி) ஏதாவது கிடைத்தால் அதை ஓட்டுங்கள். நம்பர் குத்துவது, நேரத்துக்கு வார்ம் அப், பதற்றம் எல்லாம் கிடைக்கும், பக்கத்தில் யாரும் இருக்க மாட்டார்கள். ஏரோ பார் எல்லாம் தேவையில்லை.

*

கடைசி_லேப்:

கிரிடீரியமா ரோடு ரேஸா என்றால் என் ஓட்டு ரோடு ரேஸுக்கு. கிரிடீரியத்தில் ஒரு லேப்புக்கு நாலு திருப்பம், ஒவ்வொன்றிலும் வெளியேறும்போது ஒரு சின்ன ஸ்பிரின்ட். கூட்டத்தின் வாலில் இருந்தால் முன்னால் இருப்பவன் லேசாகப் பிரேக் பிடித்தது உங்களுக்கு வரும்போது பெரிய பிரேக்காகி, அவன் 35இலிருந்து 38க்குப் போகும் இடத்தில் நீங்கள் 25இலிருந்து 40க்குப் போக வேண்டியிருக்கும். திரும்பி வந்தவர்கள் கழன்று விழுவது இந்த வாலில்தான். முன்னால் போய் நிற்கலாம் என்றால் அதற்குத் துணிவும் தோள் பழக்கமும் வேண்டும், அது உங்களிடம் இப்போது இல்லை.

அந்தப் பழக்கத்தை எப்படிக் கொண்டுவருவது என்று வருகிறேன். மூச்சு ஆறு வாரத்தில் வந்துவிடும், இது வராது. அதனால் 5வது வாரத்திலேயே தொடங்குங்கள்.

முதலில் புல்தரை. ஒரு நண்பரோடு, பழைய டயரில், நடக்கிற வேகத்தை விடக் கொஞ்சம் கூடுதலாகப் பக்கத்தில் பக்கத்தில் ஓட்டுங்கள். முழங்கை தொட, பிறகு தோள் தொட. இடிக்கும்போது உடம்பு தானாக விலகப் பார்க்கும். விலகாமல் இடித்தவன் பக்கமே சாய்ந்து நிற்கப் பழக வேண்டும். பிறகு உங்கள் முன் சக்கரத்தின் பக்கவாட்டால் அவர் பின் சக்கரத்தின் பக்கவாட்டை வேண்டுமென்றே உரசுங்கள். பயத்தில் எதிர்ப்பக்கம் பாரை வெட்டினால் விழுவீர்கள். உரசும் பக்கமே லேசாக அழுத்தி, மிதியை நிறுத்தி, மெதுவாகப் பின்வாங்கினால் நிற்பீர்கள். பிரேக் தொடக் கூடாது. புல்லில் விழுந்தால் பாதகமில்லை, அதற்காகத்தான் புல்.

அடுத்து நாலைந்து பேரோடு சுழற்சி ஓட்டம், அதாவது மாறி மாறி முன்னால் போவது. முன்னால் இருப்பவரின் பின் சக்கரத்தையே வெறிக்காதீர்கள். அவர் தோளுக்கு மேலாக, இரண்டு மூன்று பேர் தள்ளிப் பாருங்கள். முதலில் ஒரு சக்கர இடைவெளி, பழகியதும் அரைச் சக்கரம். முன்னே போகும் முறை வந்ததும் வேகம் கூட்டாமல் அதே மிதியில் போங்கள். பழைய ரேஸ்காரர்களுக்கு இந்த இடத்தில் கை அரிக்கும், கூட்டத்தையே பிய்த்துவிடுவார்கள். உங்கள் முன் சக்கரம் முன்னவரின் பின் சக்கரத்தைத் தாண்டிப் பக்கத்தில் நிற்கவே கூடாது. அவர் ஒரு குழிக்காக ஒரு சாண் நகர்ந்தாலும் விழுவது நீங்கள்தான், அவருக்கு ஒன்றும் ஆகாது.

எழுந்து மிதிக்கும்போது இன்னொரு சமாச்சாரம். உட்கார்ந்த நிலையிலிருந்து சட்டென்று எழுந்தால் ஒரு நொடி மிதி விட்டுப்போய் வண்டி பின்னோக்கி ஒரு அரைச் சக்கரம் வரும், பின்னால் இருப்பவர் மாட்டிக்கொள்வார். ஒரு பல் கடினமான கியருக்கு மாற்றி, மிதி கீழே அழுத்தும்போதே எழ வேண்டும்.

திருப்பத்தில் பிரேக் முழுவதும் சாய்வதற்கு முன்னால். கை டிராப்ஸில் (பாரின் கீழ் வளைவில்), வெளிப்பக்க மிதி கீழே, எடை அந்தக் காலில், பார்வை வெளியேறும் இடத்தில். கூட்டத்தில் உங்கள் கோடு என்பது உங்கள் முன்னவரின் கோடுதான், நடுவில் அழகான கோடு கண்டுபிடித்து உள்ளே வெட்டாதீர்கள். இப்போது கூட்டத்தில் பெரும்பாலும் டிஸ்க் பிரேக். ஈரத்தில் அவர்களுக்கு உடனே பிடிக்கும், உங்கள் ரிம் பிரேக் தண்ணீரைத் துடைத்துவிட்டுத்தான் பிடிக்கும். மழை என்றால் இன்னொரு சக்கர இடைவெளி விடுங்கள்.

*

நம்பர்_பின்:

விதிமுறைப் பக்கம் யாரும் தொடவில்லை என்பதால் சுருக்கமாக.

லைசென்ஸ் காலாவதியாகியிருக்கும், உங்கள் நாட்டு சம்மேளனத்திடம் புதிதாக எடுக்க வேண்டும். பழைய பிரிவு அப்படியே கிடைக்குமா, கீழிருந்து தொடங்க வேண்டுமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். மேலே போடுகிறோம் என்றாலும் கீழ்ப் பிரிவைக் கேளுங்கள். 35 வயது தாண்டியவர்களுக்கு மாஸ்டர்ஸ் பிரிவு உண்டு, ஆனால் அது எளிது என்று நினைத்துப் போகாதீர்கள். அங்கே இருப்பவர்களில் பலர் நடுவில் விடவே இல்லை.

நீங்கள் இல்லாத காலத்தில் மாறியவை: இறக்கத்தில் டாப் ட்யூபில் உட்காருவதும், முன்கைகளைப் பாரின் மேல் ஊன்றி ஓட்டுவதும் 2021 ஏப்ரல் முதல் யுசிஐ (சர்வதேச சைக்கிள் சங்கம்) விதிப்படி தடை. காலி பாட்டிலைக் கண்ட இடத்தில் வீசுவதற்கும் தண்டனை, குறித்த பகுதியில் மட்டும்தான் போடலாம். டிஸ்க் பிரேக் 2018 ஜூலையிலிருந்து சாலைப் போட்டிகளில் முழுமையாக அனுமதி. பார் அகலத்துக்கு 2026 தொடக்கத்திலிருந்து வெளிவிளிம்பு 400 மி.மீ. குறைந்தபட்சம். பழைய வண்டிகளின் பார் பெரும்பாலும் அதை விட அகலம் என்பதால் உங்களைத் தொடாது. குறுகலான பார் புதிதாக வாங்கும் எண்ணம் இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள்.

பிறகு மாத்திரை. அமெச்சூருக்கும் ஊக்கமருந்து விதி பொருந்தும். நாற்பதைத் தாண்டியவர்கள் தெரியாமல் மாட்டுவது இரண்டு இடத்தில். சிறுநீர் பிரிக்கும் மருந்துகள் போட்டிக்கு வெளியிலும் தடை. ரத்த அழுத்தத்துக்கான கூட்டு மாத்திரைகளில் ஹைட்ரோகுளோரோதயசைடு என்ற பெயரில் அது கலந்திருக்கும். வலி மாத்திரைகளில் டிரமடால் 2024 தொடக்கத்திலிருந்து போட்டிக் காலத்தில் தடை, சைக்கிளில் யுசிஐ அதை 2019லேயே தடை செய்துவிட்டது.

*

பழைய_செயின்:

எல்லோருக்கும் நன்றி, இது எதிர்பார்த்ததை விட அதிகம். மூன்று துணைக் கேள்வி.

1. பிபி மாத்திரை உண்டு. அட்டையைப் பார்த்தேன், நம்பர்_பின் சொன்ன பெயர் இரண்டாவது வரியிலேயே இருக்கிறது.

2. ஒரு நண்பர் தன் கார்பன் வீல் செட் தருகிறேன் என்கிறார். ஹூக்லெஸ் (டயரைப் பிடிக்கும் கொக்கி விளிம்பு இல்லாத ரிம்), உள் அகலம் 23 மி.மீ., 11 ஸ்பீடு ஃப்ரீஹப். போடலாமா?

3. பழைய சீட் உயரம், பார் உயரம் அப்படியே வைக்கலாமா? குறித்து வைத்திருக்கிறேன்.

*

நம்பர்_பின்:

1க்கு: மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மருத்துவரிடம் போட்டி விஷயத்தைச் சொல்லி, சிறுநீர் மருந்து கலக்காத மாற்று உண்டா என்று கேளுங்கள். அம்லோடிபின் போன்றவை தடைப் பட்டியலில் இல்லை. பீட்டா பிளாக்கரும் சாலை சைக்கிளில் தடையில்லை, ஆனால் உச்சத் துடிப்பை இறக்கிவிடும், துடிப்பு பார்த்துச் செய்யும் பயிற்சிக் கணக்கெல்லாம் குழம்பும். மாற்றே இல்லை என்றால் சிகிச்சைக்கான விலக்கு கேட்டு நாட்டு ஊக்கமருந்துத் தடுப்பு அமைப்புக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு மருத்துவ ஆவணங்கள் வேண்டும், நேரம் பிடிக்கும். 16 வாரத்தில் இந்த வாரமே தொடங்குங்கள்.

*

ஸ்போக்_சாவி:

2க்கு: வேண்டாம். ஹூக்லெஸ்னா கிட்டத்தட்ட எல்லாமே டிஸ்க் வீல், ரிம்ல பிரேக் படறதுக்கு இடமே இருக்காது. ஹப்பும் 12 மி.மீ. த்ரூ ஆக்ஸில், 142 மி.மீ. அகலம். உங்க ஃபிரேம் குயிக் ரிலீஸ், 130. மாட்டவே முடியாது. அது போக ஹூக்லெஸ்ல காற்று 5 பாரைத் தாண்டக் கூடாது, அந்த அகல ரிம்முக்கு டயரும் 28க்குக் குறையக் கூடாது. உங்க வண்டியில 28 போகாதுன்னு ஏற்கெனவே சொன்னேன்.

11 ஸ்பீடு ஃப்ரீஹப் உள்ள ரிம் பிரேக் வீல் யாராவது தந்தா அது நல்ல விஷயம், வாங்கிக்கோங்க. ஷிமானோ 10 ஸ்பீடு காசெட்டை அதுல போட 1.85 மி.மீ. ஸ்பேசர் ஒண்ணு, அதோட காசெட் கூட வந்த 1 மி.மீ. ஸ்பேசரும் பெரும்பாலும் வேணும். ரெண்டுல ஒண்ணு விட்டுப்போச்சுன்னா லாக்ரிங் இறுகின பிறகும் காசெட் கையில ஆடும்.

*

லாக்டேட்:

3க்கு: சீட் உயரத்தைப் பழைய குறியிலிருந்து 5 மி.மீ. தாழ்த்தித் தொடங்குங்கள். தொடையின் பின்தசை இறுகியிருக்கும், பழைய உயரத்தில் மிதியின் அடியில் இடுப்பு இரண்டு பக்கமும் ஆடும். பின்னாலிருந்து ஒருவரை வீடியோ எடுக்கச் சொன்னால் தெரிந்துவிடும். கிராங்க் கீழே இருக்கும்போது முழங்கால் மடக்கு 30 டிகிரியை ஒட்டி இருந்தால் போதும், 35க்கு மேல் போனால் தாழ்வு. ஆறு வாரம் கழித்து 2 மி.மீ. 2 மி.மீ. ஆக ஏற்றிப் பாருங்கள். ஏற்றிய வாரத்தில் பயிற்சியின் கடினத்தையும் சேர்த்துக் கூட்டாதீர்கள், வலி வந்தால் எதனால் என்று தெரியாது. புது கிளீட் தடிமன் மாறினாலும் சீட் உயரம் மாறியதாகத்தான் கணக்கு.

பாரை 1.5 முதல் 2 செ.மீ. உயர்த்துங்கள். ஸ்டியரரை ஒட்ட வெட்டியிருந்தால் ஸ்டெமைக் கவிழ்த்துப் போடுங்கள், 110 மி.மீ. நீள, 6 டிகிரி ஸ்டெமில் சுமார் 2 செ.மீ. கிடைக்கும். டிராப்ஸில் 10 நிமிடம் கழுத்து வலிக்காமல், வயிறு தொடையில் இடிக்காமல் மிதிக்க முடிகிறதா என்பதுதான் சோதனை. அது முடியாமல் தாழ்வாக வைத்தால் ரேஸ் முழுக்க ஹூட்ஸிலேயே (பிரேக் லீவரின் மேல் பிடி) இருப்பீர்கள், தாழ்வாக வைத்ததால் ஒரு பயனும் இல்லை.

80 கி.மீ. ரேஸ் என்றால் மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து, அரை முதல் முக்கால் லிட்டர் தண்ணீர். அரை லிட்டர் பாட்டிலில் 40 கிராம் சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு போட்டால் வேலை முடிந்தது, மீதி ஜெல். குளுக்கோஸ், ஃபிரக்டோஸ் இரண்டும் கலந்தால் 90 கிராம் வரை வயிறு தாங்கும், ஆனால் அதை நீண்ட ஓட்டங்களில் ஆறு வாரமாவது பழக்கியிருக்க வேண்டும். ரேஸ் அன்றைக்கு முதல் தடவையாக முயன்றால் வயிறு கலங்கி நடுவழியில் நிற்க நேரும். குடிக்கும்போது கூட்டத்தின் நடுவே இருங்கள், பாட்டிலை எடுக்க ஒரு கை விட்டதும் வண்டி ஒரு சாண் விலகும். நேரான, தட்டையான இடம் வரும் வரை காத்திருங்கள், முதல் மடக்கு 15வது நிமிடத்துக்குள் இறங்கியாக வேண்டும்.